ஏவியவன் யார்? அழிவு மந்திரத்துப் பூதங்களின் இயல்பு குறித்து வட்டுக்கோட்டையிலிருந்து ஓர் ஆய்வு

பழைய தமிழ்க் கதைகளில் ஒருவனை அழிக்க மந்திரத்தால் ஏவப்படும் பூதத்துக்குச் சொந்தப் பகை கிடையாது. ஏவியவனின் பகையே அதன் பகை. அவன் காட்டிய ஆளைத் தேடிப் போகும். காரியம் தவறினால் அவனிடமே திரும்பி வரும். இன்றைய மாயப் புனைகதைகளிலும் திரைப்படங்களிலுமோ தீய ஆவி பிறவியிலேயே தீயதாக வருகிறது. இந்த மாற்றத்தின் வழித்தடத்தை அறிய யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையைப் போன்ற ஊர் நல்ல இடம். புராணப் படிப்பும் கூத்தும் அமெரிக்க மிஷன் கல்வியும் ஒரே சுற்றாடலில் இயங்கிய ஊர் அது.

சிலப்பதிகாரத்துச் சதுக்கப்பூதம் எவராலும் ஏவப்பட்டதல்ல. பொய்ச்சாட்சி சொல்வோரையும் பிறன்மனை நயப்போரையும் பாசத்தால் கட்டித் தின்னும் காவல் பூதம் அது. பத்தினி ஒருத்தி மீது பொய்ப்பழி சுமத்தியவனை அது பிடித்தபோது, அவனுக்குப் பதிலாகத் தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கோவலன் வேண்டுகிறான். தீயவனுக்காக நல்லுயிர் கொள்ளும் முறை தனக்கில்லை என்று பூதம் மறுத்துவிடுகிறது. கொடியதுதான், ஆனால் முறை தெரிந்தது. கலிங்கத்துப்பரணியில் இமயத்தில் இந்திரசாலம் கற்றுவந்த முதுபேய் ஒன்று காளியின் முன் மாயக்காட்சிகளைக் காட்டுகிறது. அவற்றை மெய்யென நம்பிப் பசித்த பேய்கள் உண்ணப் பாய்கின்றன. அங்கே மந்திரம் யாரையும் கொல்லவில்லை.

கொல்வதற்கென்றே வேள்வித்தீயில் பிறக்கும் பூதத்தை விரிவாகக் காட்டுவது வில்லிபாரதம். நச்சுப்பொய்கைச் சருக்கத்தில், வனவாசத்திலிருக்கும் பாண்டவரை ஒழிக்கத் துரியோதனன் காளமாமுனிவனை நாடுகிறான். முனிவன் செய்யும் அபிசார வேள்வியில் பூதம் எழுகிறது. பாண்டவரைக் கொன்று வரும்படி ஏவப்படுகிறது. அதற்கிடையில் எமதருமன் தன் மகன் தருமனைக் காக்க நச்சுப்பொய்கையொன்றை அமைக்கிறான். அதன் நீரைப் பருகிய தம்பியர் வீழ்ந்து கிடக்கிறார்கள். பூதம் வந்து பார்க்கிறது. பிணத்தைக் கொல்ல முடியாது. ஏமாற்றப்பட்ட சினத்தோடு திரும்பி, தன்னை எழுப்பிய முனிவனையே கொல்கிறது. வடமொழி மாபாரதத்தின் யட்சப் பொய்கைக் கதையில் இந்த வேள்வியோ பூதமோ இல்லை. வனபருவத்தின் வேறோர் இடத்தில் தானவர் வேள்வித்தீயில் கிருத்தியை என்னும் பெண் வடிவை எழுப்புகிறார்கள். அவளும் துரியோதனனைப் பாதாளத்துக்குத் தூக்கிச் செல்லும் ஏவலாளாகவே வருகிறாள். ஏவிய பூதம் ஏவியவனைத் தின்னும் முடிவைப் பொய்கைக் கதையோடு இணைத்ததே வில்லிபாரதத்தின் சிறப்பு. இந்தக் கதைப்போக்கின் மிகத் தெளிவான தமிழ் வடிவமாக இதனையே கொள்ளலாம்.

கந்தபுராணம் மற்றொரு முடிவைத் தருகிறது. தக்ககாண்டத்துத் ததீசியுத்தரப் படலத்தில், தாருகாவனத்து முனிவர்கள் சிவனைக் கொல்ல வேள்வி செய்கிறார்கள். தீயிலிருந்து புலி, மான், பாம்புகள், பூதப்படை, முயலகன் என ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. புலித்தோல் ஆடையாகிறது, மான் கைக்கு வருகிறது, பாம்புகள் அணிகலனாகின்றன, பூதங்கள் கணமாகச் சேர்கின்றன, முயலகன் திருவடிக்கீழ்க் கிடக்கிறான். கொல்ல வந்தவற்றுள் புலியும் முயலகனும் நீங்கலாக ஏனையவை புதிய தலைவனுக்கு உடனே பணிகின்றன. அவற்றின் கொடுமை அவற்றுக்குச் சொந்தமானதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

திருவிளையாடற் புராணத்தில் மதுரைமீது ஏவப்பட்ட யானை, நாகம், பசு மூன்றும் மலைகளாகிக் கிடக்கின்றன. யானைமலை, நாகமலை, பசுமலை ஆகியவற்றின் பெயர்க்காரணம் இப்படிச் சொல்லப்படுகிறது. இக்கதைகளில் வேள்வி செய்தோர் சமணர் எனப்படுவதை அப்படியே ஏற்பது நேர்மையாகாது. கொல்லாமையை முதல் அறமாகக் கொண்டோர்மீது கொலைவேள்வியை ஏற்றிச் சொன்னது சமயப்பூசலின் வேலை. சூனியக்காரன் எப்போதும் எதிர்த்தரப்பிலேயே இருப்பான் என்ற வழக்கத்தின் தமிழ் எடுத்துக்காட்டு இது.

யாழ்ப்பாணத்தில் இந்நூல்கள் ஏட்டில் மட்டும் இருக்கவில்லை. கோயில்களில் ஒருவர் கந்தபுராணத்தைப் பண்ணோடு படிக்க மற்றவர் பொருள் விளக்கிப் பயன் சொல்லும் புராணப் படிப்பு தலைமுறைகளாக நடந்தது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்து வாழ்வைக் கந்தபுராணக் கலாசாரம் என்றே அழைத்தார். பாரதக் கதைகளைக் கூத்துக் களரியும் ஊர்மக்களிடம் கொண்டு சேர்த்தது. வீட்டுப்புறத்து நம்பிக்கையும் இதே போக்கில்தான் சென்றது. செய்வினை என்று அஞ்சினால் கழிப்புக் கழிப்பார்கள்: தேசிக்காயும் நீற்றுப்பூசணியும் வெட்டி, முச்சந்தியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வீடு வருவார்கள். வந்ததை வந்த வழியே அனுப்புவதே இதன் உட்பொருள். யார் செய்தது என்ற கேள்விதான் அங்கே முதலில் எழும். அயலாரைச் சந்தேகிக்கவும் குடும்பங்களைப் பிரிக்கவும் அந்தக் கேள்வியே காரணமானது. கதையில் அறமாக நின்றது வாழ்க்கையில் வன்மமாகவும் மாறியது.

1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் செமினரி தொடங்கியது. அதன் முதல் அதிபர் டானியல் பூவர். 1829 மார்ச் மாதச் சந்திரகிரகணத்தின் நேரம் குறித்து அயலூரான அராலியைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்போடு பூவரின் கணிப்பு மாறுபட்டது. பூவரின் கணிப்பே சரியாக அமைந்தது. மிஷன் தரப்பு இதைப் புராணத்துக்கு எதிரான சான்றாக எடுத்தாண்டது. ஆனால் அதே மிஷன் கற்பித்த வேதாகமத்தில் பிசாசு உண்டு. அது எந்த மந்திரவாதியின் ஏவலும் அல்ல. கடவுளுக்குப் பகையான, தானே தீமையை விரும்பும் ஆவி. கழிப்பால் அதைத் திருப்பி அனுப்ப முடியாது, துரத்தத்தான் முடியும். பூதத்தின் இயல்பு பற்றிய பெரிய திருப்பம் இங்கேதான் நிகழ்ந்தது என்பது என் முடிவு. 1841இல் உதயதாரகை இதழ் வெளிவரத் தொடங்கியபின் இக்கருத்துகள் அச்சுவழி பரவ வாய்ப்பு விரிந்தது.

சைவத் தரப்பும் ஏவற்பேய்க்கு இடமளிக்கவில்லை. ஆறுமுக நாவலர் பலியிடுதலையும் சிறுதெய்வ வழிபாட்டையும் கடுமையாகக் கண்டித்தார். ஆனாலும் அவரே பதிப்பித்துப் பரப்பிய புராணங்களுக்குள் தாருகாவனத்து வேள்வி அழியாமல் இருந்தது. இரு தரப்பும் முச்சந்தியிலிருந்து விரட்டிய பூதம் நூலுக்குள் பத்திரமாக வாழ்ந்தது.

அது பின்னர் சிறுவர் கதைக்கு இடம்பெயர்ந்தது. 1947இல் தொடங்கிய அம்புலிமாமா விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் வீடுவீடாகக் கொண்டு சென்றது. மூலக்கதையில் வேதாளத்தைக் கொண்டு அரசனைப் பலியிட நினைத்த துறவியே இறுதியில் பலியாகிறான். காளமாமுனிவனின் கதைதான் அது. இந்த எண்ணத்தின் சாயலைத் தமிழுக்கு வெளியேயும் காணலாம். தென்னிலங்கைச் சிங்கள மரபில் ஹூனியம் தெய்வம் சூனியத்தின் உருவாகவும் சூனியத்தை அறுப்பதாகவும் ஒருங்கே வணங்கப்படுகிறது. உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்சீ நாவலில், இளம் மந்திரவாதி கெட் செருக்கால் எழுப்பிய நிழல் அவனைத் துரத்துகிறது. கடைசியில் அதைத் தன் பெயராலேயே அழைக்கிறான். ஏவியவனும் ஏவப்பட்டதும் ஒன்றே என்ற இடத்துக்கு அந்த நாவல் வேறு வழியாக வந்து சேர்கிறது.

நூல்கள் அச்சில் இருக்கின்றன. அவற்றுக்குச் சொல்லப்பட்ட பயன்தான் தொலைந்துகொண்டிருக்கிறது. தாருகாவனத்துப் பூதங்களைப் பற்றிப் பயன் சொல்வோர் என்ன விளக்கம் தந்தார்கள், பூதம் தோன்றும் காட்சியைக் கூத்து அண்ணாவிமார் எந்த மெட்டில், எந்த வரவில் அமைத்தார்கள் என்பவை பெரும்பாலும் வாய்மொழியாகவே கைமாறியவை. போரும் இடப்பெயர்வும் அந்தக் கைமாற்றைக் குலைத்தன. வட்டுக்கோட்டை, சங்கரத்தை, அராலிப் பகுதிகளில் புராணம் படித்தவர்களும் பயன் சொன்னவர்களும் கூத்தாடியவர்களும் இன்னும் சிலர் இருப்பார்கள். பல்கலைக்கழக மாணவர்களும் ஊர் இளைஞர்களும் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் போகவேண்டும். இந்த ஆண்டே போகவேண்டும்.