கொல்கத்தா நைட் ரைடர்ஸ்: 2011 அணிச் சீரமைப்பு

ஐபிஎல்லின் முதல் மூன்று ஆண்டுகளிலும் அரையிறுதியை எட்டாத கொல்கத்தா அணி, 2011 ஜனவரி ஏலத்துக்கு முன் ஒருவரையும் தக்கவைக்கவில்லை. மண்ணின் மைந்தரான சௌரவ் கங்குலியும் (38) விடுவிக்கப்பட்டார். ஏலத்தில் அவரை யாருமே எடுக்கவில்லை. கௌதம் கம்பீர் 24 லட்சம் டாலருக்கு வந்து தலைவரானார். நகரம் கொதித்தது, ரசிகர்கள் எதிர்ப்பில் இறங்கினர். அந்தக் கோபம் நியாயமானதே.

2012 மே 5: பின்னர் புனே அணியில் சேர்ந்து அதன் தலைவரான கங்குலி, கொல்கத்தாவின் ஈடன் கார்டனில் இறங்கியபோது அரங்கமே இரண்டுபட்டது. அவர் 36 ரன் எடுத்தார். கொல்கத்தா 7 ரன்னில் வென்றது.

அவ்வாண்டு ஏலத்தில் எடுத்த இளம் சுழற்பந்து வீச்சாளர் சுனில் நரைன் 24 விக்கெட் சாய்த்தார். மே 27, சேப்பாக்கம் இறுதிப் போட்டியில் மன்விந்தர் பிஸ்லா 48 பந்தில் 89 அடிக்க, சென்னையை வீழ்த்தி முதல் கோப்பையை வென்றது கொல்கத்தா.