மனநல விழிப்புணர்வு, தமிழ்நாட்டில்

மனநோய் குறித்த அச்சத்தையும் ஒதுக்கலையும் போக்கத் தமிழ்நாட்டில் மருத்துவர்களும் குடும்பத்தாரும் தொண்டு நிறுவனங்களும் அரசும் எடுத்துவரும் முயற்சிகளின் வரலாறு. கிடைக்கும் பதிவுகள் பெரும்பாலும் சென்னையைச் சுற்றியே அமைந்துள்ளன.

சென்னையின் முதல் மனநோயாளர் விடுதியை 1794இல் வாலன்டைன் கோனொலி என்ற மருத்துவர் தொடங்கினார் என்பது பொதுவான கருத்து. அது புரசைவாக்கத்தில் இருந்ததாகச் சொல்வர். 1871இல் கீழ்ப்பாக்கத்தில் புதிய விடுதி திறக்கப்பட்டது. 1922இல் அது அரசு மனநல மருத்துவமனை எனப் பெயர் மாறிற்று. பெயர் மாறியும் பழி மாறவில்லை. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரே கேலிப்பேச்சாகி, திரைப்பட நகைச்சுவையிலும் இடம்பிடித்தது. மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் குணசீலம் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ போவதை வெளியே சொல்லத் தயங்காத குடும்பங்கள், மனநல மருத்துவரிடம் போவதை மறைத்தன.

இந்த நிலையை அசைத்தவர்களுள் முதலில் குறிப்பிடத் தக்கவர் மருத்துவர் சாரதா மேனன் (1923–2021). மங்களூரில் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று பரவலாகக் கூறப்படுபவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். புறநோயாளர் பிரிவை வளர்த்தார். மதிலுக்குள் பூட்டிவைத்த நோய் இதனால் வந்துபோகும் சிகிச்சையாக மாறத் தொடங்கியது. நோயாளிகளுக்குத் தொழிற்பயிற்சி தரும் வழக்கமும் அங்கே வேரூன்றியது. அவ்வழியில் பின்னாளில் அவர்கள் சுட்ட ரொட்டி மற்ற அரசு மருத்துவமனைகளின் நோயாளிகளுக்கும் போயிற்று. பித்தர் என்று ஊர் ஒதுக்கியவர்களின் கையால் ஆன உணவை ஊர் உண்டது என்பது இவ்வரலாற்றில் மறக்கக் கூடாத செய்தி.

ஓய்வுக்குப் பின் 1984இல் அவர் மருத்துவர் ஆர். தாராவுடனும் பிறருடனும் சேர்ந்து ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். மனச்சிதைவு வளர்ப்பின் குற்றமோ சாபமோ அன்று, மருந்தாலும் துணையாலும் கட்டுப்படும் நோய் என்பதைக் குடும்பத்தாரிடம் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னது இந்நிறுவனம். புதுக்கோட்டை மாவட்டத்தில் அதன் பேருந்து ஊர் ஊராகச் சென்றது. அதில் ஏறிய நோயாளி காணொளி வழியே சென்னை மருத்துவரிடம் பேசி, மருந்தையும் அங்கேயே பெற்றுக்கொண்டார். சாரதா மேனனுக்கு 1992இல் பத்மபூஷண் வழங்கப்பட்டது.

தற்கொலைத் தடுப்புக்கான சிநேகா அமைப்பு 1986இலும், தெருவில் விடப்பட்ட மனநோயுற்ற பெண்களுக்கான பானியன் அமைப்பு 1993இலும் சென்னையில் தோன்றின.

2001 ஆகஸ்ட் 6 அன்று தர்கா இருக்கும் ஏர்வாடியில் மனநோயாளரை வைத்திருந்த தனியார் விடுதி ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலாமல் மாண்டனர். முதல் செய்திகள் 25 பேர் என்றன. 28 என்பதே பின்னர் நிலைத்த கணக்கு. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மக்கள் மனம் மாறியதற்கு இவ்விபத்தே காரணம் என்பாரும் உண்டு. மாற்றம் முன்பே தொடங்கிவிட்டது என்பாரும் உண்டு.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசின் டெலிமானஸ் என்னும் மனநல உதவித் தொலைபேசிச் சேவை தொடங்கியது. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.