நம் வீட்டு ஹாலுக்கு யார் நடுநாயகம்?

பி.காம் படிக்கிறவனுக்கு வீட்டு அலங்காரத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். சோபா எந்தக் கலர், திரைச்சீலை எந்தக் கலர் என்று சொல்ல வரவில்லை. ஓர் அறைக்குள் நுழைந்ததும் நம் கண் முதலில் எங்கே போகிறது? நாற்காலிகள் எல்லாம் எதைப் பார்த்துக் கிடக்கின்றன? அதை ஆங்கிலத்தில் ஃபோகல் பாயிண்ட் என்கிறார்கள். நம்மிடம் அதைவிட நல்ல சொல் உண்டு: நடுநாயகம். ஆரத்தின் நடுவில் பதிக்கும் பெரிய மணியை நாயகமணி என்போம் அல்லவா, அதே நாயகம்தான்.

ஃபோகஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு முதலில் அடுப்பு, கணப்பு என்றுதான் பொருள். ஒளிக்கதிர்கள் கூடும் இடத்துக்கு அந்தப் பெயரை 1604இல் வைத்தவர் வானியலாளர் கெப்ளர். குளிர் தேசத்தில் எல்லோரும் நெருப்பைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். ஆகவே நாற்காலிகளும் அதைப் பார்த்தே இருந்தன. நம் ஊர் வெயிலில் ஹாலுக்குள் யார் நெருப்பு வைப்பார்கள்? அப்படியானால் நாம் எதைப் பார்த்து உட்கார்ந்தோம்?

இதற்குப் பதில் தேட வாடிப்பட்டியிலிருந்து பஸ் ஏறி மதுரைக்குப் போனால் போதும். திருமலை நாயக்கர் மகால் 1636இல் கட்டப்பட்டது. கிழக்கு வாசலில் நுழைந்தால் பெரிய திறந்தவெளி. சுற்றிலும் ஓர் ஆளால் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் வெள்ளைத் தூண்கள். எதிரே மேற்குப் பக்கம் சொர்க்க விலாசம். அங்கேதான் மன்னரின் சிம்மாசனம் இருந்தது. "அங்கே பார்" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தூண்களும் குவிமாடமுமே நம் தலையை அந்தப் பக்கம் திருப்பிவிடும். யாருக்கு அதிகாரம் என்பதை அந்தக் கட்டடமே சொல்லிவிடுகிறது!

ஆனால் அந்த அதிகாரம் நிலைக்கவில்லை. பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது மகாலின் பெரும்பகுதியைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார். மிச்சம் இருந்ததை 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்க வைத்தார். பிறகு 1970 வரை அங்கே நீதிமன்றம் நடந்தது. ராஜா போய் நீதிபதி வந்தார், அவ்வளவுதான்.

இது அரசன் வீடு. குடும்பங்கள் வாழ்ந்த வீட்டைப் பார்க்க வேண்டுமானால் காரைக்குடிப் பக்கம் போக வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்கு, ஆத்தங்குடித் தரை எல்லாம் இருந்தாலும் நடுநாயகம் எது தெரியுமா? வெறும் வெளி! வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம். வெளிச்சமும் காற்றும் அதன் வழியாகத்தான் உள்ளே வரும். கல்யாணம், சடங்கு எல்லாம் வளவில்தான். முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் உட்கார்ந்தால், எதிரே தெரிவது எதிர்ப்பக்கத்தில் இருக்கும் மனித முகம். மகாலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நம்மைப் போன்றவர்களின் சின்ன வீடுகளில் முற்றம் சுருங்கி, பட்டாசாலை மட்டும் மிஞ்சியது. நிலைக்கு மேலே சற்று முன்பக்கம் சாய்த்து மாட்டிய சாமி படங்கள், இறந்துபோன பெரியவர்களின் போட்டோ, ஒரு பெஞ்ச், ஓர் ஈஸி சேர். பிறகு ரேடியோ வந்தது. திருச்சி வானொலியும் இலங்கை வானொலியும் வீட்டை நிறைத்தன. ஆனாலும் ஒரு நாற்காலிகூடத் திரும்பவில்லை. ரேடியோவுக்குக் காது போதும், முகம் வேண்டாம்!

நாற்காலியைத் திருப்பியது டிவி. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15இல் ஒளிபரப்பு தொடங்கியது. 1982இல் கலர் வந்தது. 1987இல் ஞாயிற்றுக்கிழமை காலை ராமாயணம், 1993இல் சன் டிவி என்று கூட்டம் கூடிக்கொண்டே போனது. அதுவரை வசதி உள்ள வீட்டில் போய் வாசலில் நின்று பார்த்தவர்களும் உண்டு. 2006இல் தமிழக அரசு இலவசக் கலர் டிவி தர ஆரம்பித்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குலப் பெட்டி போய்ச் சேர்ந்தது. ஓட்டு வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் ஒரே நடுநாயகம். உலகத்தில் எத்தனை அரசாங்கங்கள் இப்படிச் செய்திருக்கும்?

இதில் ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் உண்டு. (காமர்ஸ் புத்தி போகுமா!) லாபம் என்னவென்றால், அடுப்படியிலேயே இருந்த எங்கள் தெருப் பெண்கள் சீரியல் நேரத்தில் ஹாலில் நடுவாக உட்கார்ந்தார்கள். அந்த இடம் அதுவரை ஆண்களுக்கும் விருந்தாளிகளுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. நஷ்டம் என்னவென்றால், வந்த விருந்தாளியும் டிவியைப் பார்த்துக்கொண்டே "சௌக்கியமா?" என்றார். நாமும் டிவியைப் பார்த்துக்கொண்டே "சௌக்கியம்" என்றோம்.

இன்று அதுவும் மாறிவிட்டது. டிவி சுவரில் பெரிதாகத் தொங்குகிறது, ஆனால் ஆளுக்கொரு போன். நாலு பேர் உட்கார்ந்தால் நாலு நடுநாயகம். கண் பார்வை மங்கியதால் போனும் பார்க்க முடியாமல், பேச்சுக்கும் ஆள் இல்லாமல் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்கள்தான். முற்றம் இருந்த வீட்டில் ஈஸி சேரில் சும்மா சாய்ந்திருந்தாலே போதும், எதிரே யாராவது தெரிவார்கள். இப்போது அவர்கள் எதிரே தெரிவது நம் குனிந்த தலை.

ஒரு வீடு எதை நடுவில் வைக்கிறதோ, அதற்குத்தான் அந்த வீட்டில் மரியாதை. மகால் கட்டினவருக்கு இது தெரிந்திருந்தது, வளவு கட்டினவர்களுக்கும் தெரிந்திருந்தது. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஹாலில் ஒரே ஒரு பிளாஸ்டிக் சேரை எடுத்து, டிவிக்கு முதுகு காட்டி, தாத்தாவின் ஈஸி சேருக்கு நேர் எதிரே போடுங்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். செலவு பூஜ்யம்!