ரேடியோவைப் பிரிக்காமல் ஒரு கிட்டார் பெடல்

ராகலையில் எங்கள் லயத்து வீட்டில் தாத்தாவின் பழைய ரேடியோ இருக்கிறது. 1983க்குப் பின் வன்னிக்குப் போன உறவுகளைப் பற்றி ஏதாவது செய்தி வருமா என்று யுத்தம் முடியும்வரை அவர் அதனருகில்தான் இருந்தார். கிட்டார் வாசிக்கும் என் தம்பி, டிஸ்டோர்ஷன் பெடல் செய்ய அதன் ட்ரான்சிஸ்டர்களைக் கழற்றலாமா என்று கேட்டான். அவை உண்மையில் தேவைதானா என்று தேடிப் பார்த்தேன்.

பெடலின் வேலை எளிது. கிட்டாரின் சிறிய சமிக்ஞையை 9 வோல்ட் பற்றரி இடம் தரும் அளவுக்கு மேல் பெருக்கினால், அலையின் உச்சிகள் வெட்டுப்படும். அந்த வெட்டுத்தான் கரகரப்பு. 1966இல் இலண்டனில் வெளிவந்த ஃபஸ் ஃபேஸ் பெடலில் இருப்பவை இரண்டே ட்ரான்சிஸ்டர்கள். முதலில் ஜெர்மானியம், பின்னர் பீசி 108 போன்ற சிலிக்கன்.

ஜெர்மானியத்தின் ஒலி மென்மையானது. ஆனால் ஒரே இலக்கமுடைய இரண்டு ஏசி 128கூட ஒன்றுபோல் இருக்காது. பெருக்கம் முதலாவதற்கு 70–80, இரண்டாவதற்கு 110–130 இருந்தால் நல்லது. பேஸ் காலை இணைக்காதபோதும் அதில் மின்னோட்டம் கசியும். மல்டிமீட்டர் அந்தக் கசிவையும் பெருக்கமாகக் காட்டிவிடும். 300 மைக்ரோ அம்பியருக்கு மேல் கசிவதை ஒதுக்குங்கள்.

வெப்பநிலை 10 பாகை கூடினால் கசிவு ஏறக்குறைய இரு மடங்காகும். ராகலைக் குளிரில் சரிசெய்த ஜெர்மானியப் பெடல் யாழ்ப்பாணத்து வெயிலில் திணறும். பழைய ஜெர்மானியம் பெரும்பாலும் பீஎன்பீ வகை என்பதால் பற்றரியின் நேர், மறை முனைகளையும் மாற்றி இணைக்க வேண்டும்.

ஊர் ஊராக வாசிப்பவருக்குச் சிலிக்கனே நல்லது. பீசி 547இல் ‘ஏ’ வகையின் பெருக்கம் 110–220, ‘பி’ 200–450, ‘சி’ 420–800. ‘ஏ’ வகையில் குறைந்ததை முதலிலும் கூடியதை இரண்டாவதிலும் போடுங்கள். இரண்டாவதன் கலெக்டர் தடைக்குப் பதிலாக ஒரு பிரீசெட் வைத்து, அங்கே ஏறத்தாழ 4.5 வோல்ட் வரும்வரை திருகுங்கள்.

சிலிக்கனுக்கு ஒரு குறை உண்டு: சிலவேளை வானொலி அலைகளையும் பிடித்துவிடும். கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே 100 பிக்கோ பாரட் கொள்ளளவி ஒன்றைப் போட்டால் அது அடங்கும்.

பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட வடக்கு வாசகர்களுக்கு ஒரு ரேடியோவின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. தம்பியின் பெடலில் இப்போது இரண்டு பீசி 547 இருக்கின்றன. தாத்தாவின் ரேடியோ அதன் இடத்திலேயே இருக்கிறது.