யவனத் தேறலும் நெய்தல் நிலச் சுட்ட மீனும்

முன்னுரை
சங்ககாலத் தமிழகத்தில் இத்தாலிய மது எவ்வுணவோடு அருந்தப்பட்டது என்பதை ஆராய, தொல்லியல் சான்றையும் இலக்கியச் சான்றையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

தொல்லியல் சான்று
1945இல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நிகழ்த்திய அகழாய்வில் இருகைப்பிடிச் சாடிகளின் (ஆம்போரா) ஓடுகள் கிடைத்தன. அவற்றுள் கோஸ் தீவின் மதுச்சாடிகளோடு இத்தாலியச் சாடிகளும் உள்ளதை எலிசபெத் லைடிங் வில் இனங்கண்டார். மேற்குக்கரைப் பாரிகாசாவில் இத்தாலிய மதுவே பெரிதும் விரும்பப்பட்டதாகப் பெரிப்ளூஸ் கூறுகிறது. எனினும், சாடி மதுவின் வரவைக் காட்டுமேயன்றி, அதனை அருந்தியவரையோ உடனுண்ட உணவையோ காட்டாது.

இலக்கியச் சான்று
புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், யவனர் கொணர்ந்த குளிர்ந்த நறுமணத் தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்திக் கொடுக்கப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதைப் பாடுகிறார். அவ்விடத்து உணவு சுட்டப்படவில்லை. சிறுபாணாற்றுப்படையோ, எயிற்பட்டினத்தில் நுளைமகள் அரித்த பழந்தேறலையும் சுட்ட உலர் குழல்மீனையும் பாணர் பெறுவதாகக் கூறுகிறது. மீனோடு இணைவது உள்ளூர்த் தேறலே, வழங்குவோரும் பரதவரே.

முடிவுரை
‘தேறல்’ என்னும் சொல் தெளிவைக் குறிப்பது, நிறத்தைக் குறிப்பதன்று. ஆதலின் யவனத் தேறலை வெண்மது எனத் துணிதற்கு இச்சொல் இடந்தராது. அரண்மனைப் பொற்கலத்தையும் கடற்கரைச் சுட்ட மீனையும் ஒரே விருந்தாக இணைப்பது, இருவேறு சமூகத்தாரின் நுகர்வை ஒன்றாக்கி, நுளைமகளின் உழைப்பை மறைத்துவிடும்.