அவர் எழுதாத கடிதம்

போர்க்களத்தில் ஈட்டிய புகழ் ஒருவரின் மனச்சான்றுக்குச் சாட்சியாகுமா? வெர்னர் மோல்டர்ஸ் என்னும் ஜெர்மானியப் போர் விமானியின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

1913-ஆம் ஆண்டு கெல்சன்கிர்சென் நகரில், கத்தோலிக்கக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன்னே, ஆசிரியரான தந்தையை முதல் உலகப் போரில் இழந்தார். கத்தோலிக்க இளைஞர் இயக்கத்தில் வளர்ந்து, பின்னர் படையில் சேர்ந்தார். பயிற்சியின்போது தலைசுற்றலும் குமட்டலும் அவரை வாட்டின; மனவுறுதியால் அவற்றை வென்றார்.

1938-இல், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவுக்குத் துணையாக ஹிட்லர் அனுப்பிய 'காண்டார்' படையில் பணியாற்றி, 14 விமானங்களை வீழ்த்தினார். விரித்த கையின் நான்கு விரல் நுனிகளைப்போல நான்கு விமானங்கள் இணையிணையாய்ப் பறக்கும் அணிவகுப்பு அங்கேதான் உருப்பெற்றது. ஒருவர் தாக்க, மற்றவர் அவரைக் காப்பார். எதிரிகளான ஆங்கிலேயரும் பின்னாளில் இதனைக் கைக்கொண்டனர்.

இரண்டாம் உலகப் போரில், 1940 ஜூன் 5 அன்று பிரான்சில் வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். பிரான்ஸ் பணிந்ததும் விடுதலை பெற்றார். தொடர்ந்து ஆங்கிலேயருடனும், பின்னர் ரஷ்யப் போர்முனையிலும் பொருதினார். 1941 ஜூலை 15 அன்று, அப்போரில் மட்டும் 100 வெற்றிகளை எட்டிய முதல் விமானியானார். தம்கீழ்ப் பணிபுரிந்தோரைப் பேணிய பாங்கினால் வீரர்கள் அவரை 'அப்பா' என்றே அழைத்தனர். 28 வயதிலேயே போர் விமானப் பிரிவின் மேற்பார்வை அவரிடம் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 22 அன்று, எர்ன்ஸ்ட் ஊடெட் என்ற தளபதியின் அடக்கச் சடங்குக்குப் பயணியாகச் செல்கையில், பிரெஸ்லாவ் அருகே விமானம் விழுந்து இறந்தார்.

அவர் கதை அத்துடன் முடியவில்லை. 1941 கோடையில் மியூன்ஸ்டர் ஆயர் ஃபொன் காலன், உளநோயாளர்கள் கொல்லப்படுவதை மறையுரையில் துணிந்து கண்டித்திருந்தார். இத்தகைய குரலுக்கு ஜெர்மானியக் கத்தோலிக்கர் ஏங்கிய வேளையில், மோல்டர்ஸ் ஒரு குருவுக்கு எழுதியதாக ஒரு கடிதம் 1942-இல் பரவியது. அவரது விசுவாசத்தை அது உருக்கமாய் எடுத்துரைத்தது. மக்கள் அதனைப் படியெடுத்துப் பகிர்ந்தனர். ஆலயங்களிலும் அது வாசிக்கப்பட்டது. ஆனால் அது அவர் எழுதியதன்று. ஆங்கிலேய உளவியல் போர்ப் பிரிவினர் புனைந்து பரப்பியது.

மோல்டர்ஸ் விசுவாசமுள்ள கத்தோலிக்கர் என்பது உண்மையே. ஆயினும், ஆட்சியை எதிர்த்து வெளிப்படையாகப் பேசியவராக வரலாறு அவரைக் காட்டவில்லை. ஆயர் உரைத்த சொற்கள் உண்மையானவை; விமானியின் பெயரில் உலவியவை இரவல். வீரரின் வாயிலிருந்து வரவேண்டுமென மக்கள் விரும்பிய சொற்களைப் பகைவர் எழுதித் தந்தனர்.

போருக்குப்பின் ஜெர்மனி ஒரு போர்க்கப்பலுக்கும் ஒரு விமானப் படைப்பிரிவுக்கும் அவர் பெயரைச் சூட்டியது. காண்டார் படையினருக்கு இத்தகைய சிறப்புகள் தொடரலாகாது என நாடாளுமன்றம் 1998-இல் முடிவு செய்தது. 2005-இல் படைப்பிரிவின் பெயர் நீக்கப்பட்டது. அதனை நன்றி கொன்ற செயல் என்றனர் சிலர். தாமதமான நீதி என்றனர் வேறு சிலர்.

அவரது இதயத்தை அறிபவர் இறைவன் ஒருவரே. தீர்ப்பிடுவது நம் பணியன்று. ஆனால் ஒன்றை நாம் கற்கலாம். தோழரைக் காக்கும் அன்பும், அஞ்சாத நெஞ்சும், ஆழ்ந்த பக்தியும் ஒருவரிடம் ஒருங்கே அமையலாம். அப்போதும் அவர் யாருக்காகப் போரிடுகிறார் என்ற கேள்வி எஞ்சியே நிற்கும். நம் மனச்சான்று பேசவேண்டிய நாளில் அதன் கடிதத்தை நாமே எழுத வேண்டும். நாம் மறைந்தபின் பிறர் எழுதுவது நம் சாட்சியமாகாது.