உத்தியோகம் பார்த்த நேரம் போக எழுதின வரலாறு

யாழ்ப்பாணத்தில தனியார் பட்டப்படிப்பு எண்டால் கம்பியூட்டர், கணக்கியல், முகாமைத்துவம். அங்க வரலாற்று ஆய்வும் வேணும் எண்டு சொன்னால் சிரிப்பினம். நாங்களும் முதல் சிரிச்சனாங்கள்தான்.

ஆனால் எங்கட வரலாற்று ஆய்வு தொடங்கினதே பல்கலைக்கழகத்துக்கு வெளியில. கந்தரோடையைத் தோண்டிப் பார்த்த போல் பீரிஸ் ஒரு நீதிபதி. 1926 இல் 'பண்டைய யாழ்ப்பாணம்' என்ற ஆங்கில நூலை வெளியிட்ட முதலியார் இராசநாயகம் அரசாங்க உத்தியோகத்தர். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் கத்தோலிக்கக் குரு. கையில் இருந்த ஓய்வு நேரத்தில் பெரிய வேலை செய்தவர்கள். ஆனால் கதிரமலை என்பது கந்தரோடைதான் என்று இராசநாயகம் எழுதினால், அதைச் சோதித்துப் பார்க்க அவருக்குப் பின்னால் மாணவர்கள் இல்லை.

1974 இல் யாழ்ப்பாண வளாகம் வந்த பிறகுதான் அது மாறியது. 1980 இல் பேராசிரியர் இந்திரபாலாவின் குழு ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது, ஒரு ஈமப் புதைகுழியில் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை கிடைத்தது. அந்தக் குழுவில் இருந்த பொ. இரகுபதி தீபகற்பம் முழுக்க அலைந்து பழைய குடியிருப்புகளைப் பதிந்தார். 1987 இல் அது புத்தகமானது. சனி, ஞாயிறுகளில் மட்டும் செய்யிற வேலையில்லை அது. நிறுவனம் தருகிற முக்கியமான பொருள் நேரம்.

தனியார் கையும் சும்மா இருக்கவில்லை. ஜேம்ஸ் இரத்தினம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களைக் கொண்டு, மனைவி எவலின் பெயரில் இங்கே ஒரு ஆய்வு நிறுவனம் அமைந்தது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பு.

ஸ்கேன் பண்ண ஆள் இருக்கு. வாசிக்கத்தான் ஆள் காணாது. பழைய சீதன உறுதி ஒன்றில் காணிப் பெயர், எல்லை, பரப்புக் கணக்கு, ஆர் ஆருக்குக் கொடுத்தது எல்லாம் இருக்கும். அதை ஒல்லாந்தர் காலத் தோம்போடு ஒப்பிட்டால் ஒரு ஊரின் கதையே வரும். தனியார் நிறுவனங்கள் இதுக்கெண்டு பட்டப்படிப்புத் தொடங்கத் தேவையில்லை. சம்பளத்துக்கு ஒரு வரலாற்று ஆய்வாளர், ஒரு அறை. பழைய கையெழுத்தை வாசிக்கும் மென்பொருளைக் கம்பியூட்டர் மாணவர்களின் இறுதி வருட புரொஜெக்டாகக் கொடுக்கலாம், அவர்களுக்கும் அது சவால்தான்.

போன வருசம் வடமராட்சியில விற்கப்போற ஒரு வீட்டில், டிரங்குப் பெட்டி நிறைய உறுதிகள் பார்த்தனாங்கள். பாதியைக் கறையான் அரிச்சிட்டுது. போனில சார்ஜ் முடியும்வரை படம் எடுத்தம். அந்தப் படங்கள் இன்னும் எங்கட போனிலதான் கிடக்கு.